நீர்க்கரைத் திருநாள்கள்: சித்தூர், திருப்பதி நாட்டின் பருவங்களும் விழாக்களும்

ஒரு நாட்டு மக்களின் விழாக்களை அறிய விரும்புவோர், முதற்கண் அந்நாட்டில் மழை எப்பொழுது பெய்கிறது என்று கேட்டறிதல் வேண்டும். கோயில் எழுந்த காலத்தைக் கல்வெட்டு கூறும்; விழா எழுந்த காரணத்தைப் பெரும்பாலும் வானமே கூறும். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து அவற்றை முதற்பொருள் என்றனர். நிலத்தைப் பிரிந்து பொழுது இல்லை; பொழுதைப் பிரிந்து நிலமும் இல்லை என்பதே அப்பகுப்பின் உட்கிடை.

ஆனால் நம் நிலைமை வேறு. சித்தூரிலும் திருப்பதியிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின்பொருட்டுத் தொலைநகர்களில் குடியேறிய நாம், நிலத்தை அங்கே விட்டுவிட்டுப் பொழுதை மட்டும் நாள்காட்டியில் எடுத்து வந்திருக்கிறோம். மைய அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு ஆண்டுதோறும் ஒரு விடுமுறைப் பட்டியல் வருகிறது. அதில் அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளத்தக்கவை இரண்டே நாள்கள். பொங்கலைக் கொள்வதா, உகாதியைக் கொள்வதா, சித்திரை முதல் நாளைக் கொள்வதா என்று நாம் எண்ணி எண்ணிக் குறிக்கிறோம். அப்பட்டியலில் விழா என்பது ஒரு தேதி, அவ்வளவே. திருமலைத் திருவிழாவுக்கு ஏன் புரட்டாசி, கங்கம்மாவுக்கு ஏன் சித்திரைக் கடைசி என்று நம் பிள்ளைகள் கேட்பார்களாயின், "அது வழக்கம்" என்பதற்கு மேல் விடை கூற நம்மில் பலரால் இயலாது. அவ்விடையைத் தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இருமழை நாடு

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் கூறுவதை யாவரும் அறிவர். அது மொழியின் எல்லை. வானத்தைக் கொண்டு நோக்கினும் வேங்கடம் ஓர் எல்லை நிலமே என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையை நம்பி வாழ்கிறது. தமிழகத்தின் கடற்கரை மாவட்டங்களோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. இவ்விரு மழைகளும் ஏறத்தாழ ஒத்த பங்கு தரும் நிலமாகப் பழைய சித்தூர் மாவட்டம் விளங்குகிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர் ஆகிய மேட்டு நிலங்களில் தென்மேற்கு மழைக்கு ஆற்றல் மிகுதி. கிழக்கே திருப்பதி, காளத்தி, சத்தியவேடு ஆகிய பகுதிகளில் வடகிழக்கு மழையே பேராட்சி செலுத்துகிறது.

இரு மழை பெறும் நாடு வளநாடு என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அஃதன்று. பொன்முகலி எனத் தமிழிலும் சுவர்ணமுகி எனத் தெலுங்கிலும் வழங்கும் ஆறும், சித்தூரை அடுத்தோடும் நீவா என்னும் பொன்னையாறும், காணிப்பாக்கத்துப் பாகுதாவும், குப்பத்தின் வழியே செல்லும் பாலாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாறுகளே. ஒரு மழை பொய்த்தால் மற்றொன்று காக்கலாம். இரண்டும் பொய்த்தால் பஞ்சம். இரண்டும் மிஞ்சினால் வெள்ளம். ஆகவே பெய்யும் மழையைப் பிடித்துவைக்கும் ஏரி, குளம், குட்டை, கிணறு ஆகியவையே இந்நாட்டின் உயிர்நிலைகள். இந்நாட்டின் பெருவிழாக்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோமாயின், அவற்றுட் பல ஏதேனும் ஒரு நீர்நிலையின் கரையில் நிற்பதைக் காணலாம்.

ஆவணி: கிணற்றில் எழுந்த பிள்ளையார்

சித்தூருக்கு அண்மையில் உள்ள காணிப்பாக்கத்தில், ஆவணி மாதத்து விநாயக சதுர்த்தியன்று தொடங்கி இருபத்தொரு நாள் திருவிழா நிகழ்கிறது. அக்கோயிலின் வரலாறாக மக்கள் கூறும் கதை ஒரு வறண்ட கிணற்றில் தொடங்குகிறது. கண் தெரியாத ஒருவரும், காது கேளாத ஒருவரும், வாய் பேச இயலாத ஒருவருமாகிய உடன்பிறந்தார் மூவர் தம் நிலத்தில் கிணற்று ஏற்றம் இறைத்து வாழ்ந்தனர். கிணறு வற்றவே ஒருவர் இறங்கித் தூர் எடுத்தார். அப்பொழுது மண்வெட்டி பட்ட கல்லினின்றும் குருதி பெருகிற்று. கிணற்று நீர் செந்நீராயிற்று. மூவரும் குறை நீங்கினர். கல்லாகத் தோன்றியது பிள்ளையார் திருவுருவம். ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலம் வரை பாய்ந்தமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பர்.

முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் கோயில் எழுப்பப்பெற்றது என்பது மரபு. இக்கதையை வரலாறாகக் கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதையில் வரலாறு ஒன்று உண்டு. கிணற்றைத் தூர் வாருதல் இந்நாட்டு உழவனின் முதற்கடமை. அக்கடமையைச் செய்யும்போதே தெய்வம் வெளிப்பட்டது என்று அவன் நம்பினான். மலையுச்சியில் வேள்வி செய்தோர்க்கு வெளிப்பட்டதாகக் கூறாமல், மண்வெட்டியோடு கிணற்றில் இறங்கியவனுக்கு வெளிப்பட்டதாகக் கூறிய மக்கள் எதனை உயர்வாக மதித்தனர் என்பது தெளிவு.

புரட்டாசி: பல்லவ அரசி வகுத்த நாள்

இனித் திருமலைக்கு வருவோம். திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலன தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்களின் உழைப்பால் 1930களில் அவை தொகுதிகளாக அச்சேறின. அவற்றுள் சாமவை என்னும் காடவன் பெருந்தேவியின் கல்வெட்டுகள் தனிச்சிறப்பு வாய்ந்தவை. பல்லவர் குடியைச் சேர்ந்த இவ்வரசியின் அறச்செயல்கள் 966ஆம் ஆண்டை ஒட்டியவை என்று அறிஞர் பலர் கணித்துள்ளனர். திருமலைக் கோயிலில் இன்றும் வழிபடப்பெறும் வெள்ளித் திருமேனியை அளித்து, அதற்கு அணிகலன்களும் நிலமும் வழங்கிய அவ்வம்மையார், புரட்டாசியில் ஒரு திருவிழாவும் மார்கழியில் ஒரு திருவிழாவும் நடைபெற வழிவகுத்தார்.

பன்னிரண்டு திங்களுள் இவ்விரண்டும் விழாத் திங்களாக அமைந்தது ஏன்? கல்வெட்டு காரணம் கூறவில்லை. பருவத்தைக் கொண்டு நாம் உய்த்துணரலாம். புரட்டாசி மழையற்ற மாதம் அன்று. மாலையில் இடியொடு கூடிய மழை பெய்வதுண்டு. அதனாலேயே மலைச் சுனைகள் சுரக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் ஆறுகளைப் பெருக்கி வழிகளை அடைக்கும் வடகிழக்குப் புயல்மழை அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டியே வழக்கமாகத் தொடங்கும். நடந்தே வந்து நடந்தே ஏற வேண்டியிருந்த அந்நாளில் அடியவர்க்கு வேண்டியவை இரண்டு: குடிக்க நீர், நடக்க வழி. இரண்டும் ஒருங்கே வாய்க்கும் காலம் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை ஓய்ந்து, மலையெங்கும் பசுமை தங்கும் காலம் மார்கழி. அரசி வகுத்த இருவிழாக்களும் பெருமழைக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக அமைந்தமை தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

பொன் ஏரியான கதை

விழாக்கள் பெருகிய வரலாறு இதனினும் சுவையானது. விசயநகரப் பேரரசின் காலத்தில் அரசரும் படைத்தலைவரும் வணிகரும் ஆசாரியரும் திருமலைக்குப் பொன்னையும் ஊர்களையும் வாரி வழங்கினர். ஆண்டில் ஒன்றிரண்டாக இருந்த பெருந்திருநாள்கள் பலவாயின. தத்தம் பெயரால் திருவமுது படைக்கப் பலரும் பொருள் விட்டனர்.

அப்பொருள் என்னவாயிற்று? உண்டியலில் உறங்கிற்றா? இல்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும், வாய்க்கால் எடுக்கவும், பழைய நீர்நிலைகளைச் செப்பனிடவும் அது செலவிடப்பட்டது என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஏரியால் விளைச்சல் பெருகிற்று; பெருகிய விளைச்சலிலிருந்து, பொருள் விட்டவர் பெயரால் நாள்தோறும் அல்லது திருநாள்தோறும் திருவமுது படைக்கப்பட்டது. படைத்ததில் நாலில் ஒரு பங்கு கொடையாளர்க்கு உரியது. அப்பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். பர்ட்டன் சுடைன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1960இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றில், இடைக்காலத் திருப்பதிக் கோயில் நாட்டின் வேளாண்மையை வளர்த்த பெரும் பொருளியல் நிறுவனமாகவும் விளங்கியதை இக்கல்வெட்டுகளைக் கொண்டே விளக்கினார்.

இதனை நாம் ஊன்றி எண்ண வேண்டும். விழாவுக்கு விட்ட பொன் ஏரியாயிற்று; ஏரி நெல்லாயிற்று; நெல் திருவமுதாயிற்று; திருவமுது மீண்டும் மக்கள் கைக்கே வந்தது. விழா மழைக்காகக் காத்திருந்ததோடு அமையவில்லை. பெய்த மழையைத் தேக்கிவைக்கும் கரையையும் கட்டிற்று. ஏரி உழைத்தோர் அனைவரும் அதன் பயனைச் சமமாகத் துய்த்தனர் என்று நாம் கூறவில்லை. மண் சுமந்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் அன்று இல்லை. ஆயினும் பக்திக்குக் கொடுத்த பொருள் பாசனமாக மாறிய அம்முறை, இன்று விழாச் செலவு செய்யும் எவர்க்கும் ஒரு பாடமாகும்.

ஆனி: கணக்கு மூடும் நாள்

ஆனித் திங்களின் கடைசி நாளில் திருமலையில் 'ஆனிவார ஆஸ்தானம்' என்னும் விழா நிகழ்கிறது. மறுநாள் ஆடி பிறக்கும்; கதிரவன் தென்திசைச் செலவைத் தொடங்கும். அன்று திருவரங்கத்திலிருந்து பட்டாடைகள் வருகின்றன. கோயிலின் சாவிக்கொத்து பெருமாள் திருவடியில் வைக்கப்பெறுகிறது. 1843 முதல் 1933 வரை கோயிலை நிருவகித்த ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் காலத்தில் கோயிலின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு இந்நாளிலேயே புதிதாகத் தொடங்கிற்று. தேவஸ்தான ஆட்சிக்குழு அமைந்தபின் கணக்காண்டு ஏப்ரலுக்கு மாறியது. ஆஸ்தானம் மட்டும் நிலைத்தது.

கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தருவது. சென்னை மாகாணத்து வருவாய்த்துறையின் பசலி ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தையே தலைநாளாகக் கொண்டிருந்தது. பழைய விளைச்சலின் கணக்கு முடிந்து, புதிய மழையில் ஏர் பூட்டும் காலம் அது. கோயிலும் வருவாய்த்துறையும் உழவனின் ஆண்டையே தம் ஆண்டாகக் கொண்டன. ஏப்ரல் முதல் நாளோ 1867இல் ஆங்கில ஆட்சி இந்திய அரசின் நிதியாண்டுக்கு வகுத்த தலைநாள். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் உருவாயிற்று. திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம் நாட்டின் எல்லைகள் மாறிய நாள்களெல்லாம் கணக்கேட்டின் நாள்கள்; விழாக்களின் நாள்களோ மழையின் நாள்கள். முன்னவை மக்களைப் பிரித்தன, பின்னவை கூட்டின. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துச் சித்தூரிலிருந்து திருத்தணிக்குச் செல்வோர், இடையில் மாநில எல்லை வந்துவிட்டது என்று நின்றுவிடவில்லை.

மார்கழியும் தையும்: தண்ணீரும் அமுதே

மார்கழித் திங்களில் திருமலையில் வடமொழிச் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டின் தலைமைக் கோயிலில் தமிழ் துயிலெழுப்பும் அத்திங்கள் நமக்கெல்லாம் பெருமிதம் தருவது. அத்யயன உற்சவத்தின் நிறைவை ஒட்டி அங்கு நிகழும் 'தண்ணீரமுது' விழாவை நம்மில் அறிந்தோர் சிலரே. இராமாநுசரின் தாய்மாமனாகிய திருமலை நம்பி, பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் குடம் சுமந்தார். ஒருநாள் வேடன் வடிவில் வந்த பெருமாள் அந்நீரைக் கேட்டுப் பருகிவிட்டு, வருந்திய நம்பிக்காக அம்பெய்து ஆகாயகங்கையைத் தோற்றுவித்தார் என்பது வரலாறு. நீர் சுமந்த ஒருவரின் தொண்டை நினைவுகூர்ந்து, தண்ணீரை அமுதென்று பெயரிட்டுக் கொண்டாடும் விழா அது.

தைத் திங்களில் பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாளில் வருகின்றன. கதிரவனைக் கொண்டு நாள் குறிப்பதால் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் இதில் வேறுபாடில்லை. நாம் மாட்டுப் பொங்கல் என்பதை அவர்கள் கனுமா என்கின்றனர். சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில் அந்நாள்களை ஒட்டி நடைபெறும் 'பசுவுல பண்டுக' என்னும் மாட்டு விழாவில், கொம்பிற் கட்டிய பலகைகளைப் பறிக்க இளைஞர் பாய்கின்றனர். மதுரை மாவட்டத்து வாடிவாசலை அறிந்தோர்க்கு அக்காட்சி புதிதன்று.

மழை முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் காலத்தில் தெப்பம் விடப்படுகிறது. திருமலைத் திருக்குளத்தின் நடுவே உள்ள நீராழி மண்டபம் 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் காலத்தில் எழுந்தது. பால்குன மாதத்து முழுநிலவோடு முடியும் ஐந்து நாள் தெப்பத் திருவிழா அங்கு நிகழ்கிறது. கோடை குளத்தை வற்றச் செய்யுமுன், நிறைந்த நீரை ஊரார் கூடிக் கண்ணாரக் காணும் விழா அது எனலாம்.

சித்திரைக் கடைசி: கங்கம்மாவின் வெயில்

தெப்பம் நின்றபின் வெயில் முற்றுகிறது. மே மாதத்தில் திருப்பதியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுதல் இயல்பு. பாறைக்குன்றுகள் பகலில் உண்ட வெயிலை இரவில் உமிழும். கிணறுகள் அடிமண் காட்டும். அம்மை நோய் பரவும் காலமாகவும் முன்னோர் இதனை அஞ்சினர். இக்காலத்தில்தான் திருப்பதித் தாதையகுண்டக் கங்கம்மாவின் ஜாத்திரை ஒரு வாரம் நிகழ்கிறது. சித்தூர் நடுவீதிக் கங்கம்மாவுக்கும் குப்பத்துக் கங்கம்மாவுக்கும் விழா எடுக்கப்படுகிறது. தெலுங்கில் 'குண்ட' என்றால் குட்டை. நீரின் பெயரே தெய்வத்தின் பெயர். குட்டையின் பெயரே கோயிலின் பெயர்.

பெண்டிரைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா பல வேடங்கொண்டு தேடி அழித்தாள் என்பது தலக்கதை. அதன்படியே பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி எனக் கைகால மரபினர் நாளுக்கொரு வேடம் தாங்கித் தெருத்தெருவாக வருகின்றனர். ஊரார் பலரும் வேடமிடுகின்றனர். ஆடவர் சேலையுடுத்திப் பெண் வேடம் பூணுகின்றனர். கங்கம்மா திருமலையப்பனுக்குத் தங்கை என்பதால், ஆண்டுதோறும் தேவஸ்தானத்திலிருந்து சீர்வரிசை வருகிறது. கேழ்வரகுக் கூழாகிய அம்பலி வார்க்கப்படுகிறது. நிறைவில், கோயில் முன் களிமண்ணால் அம்மனின் பேருருவ முகத்தைச் சமைத்துப் பின் கலைத்துவிடுகின்றனர். அம்மண்ணை மக்கள் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர்.

கூழும், வேப்பிலையும், மஞ்சள் நீரும், ஈரக் களிமண்ணும் வெப்பத்தைத் தணிப்பவை. வெம்மையின் உச்சத்தில் ஊரையே குளிர்விக்கும் விழா இது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. 1977இல் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, ஆனால் விழா போகவில்லை. ஏன்? வெயில் போகவில்லை, தண்ணீர்த் தட்டுப்பாடும் போகவில்லை.

இவ்விழாவின் தொடக்கத்தில் 'சாட்டிம்பு' என்னும் அறிவிப்பு உண்டு. அது முழங்கியபின் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது. வெளியூரார் உள்ளே தங்கலாகாது என்பது பழைய கட்டு. வெளியூரிலேயே வாழ்ந்து மூப்பெய்தும் நம்மை அக்கட்டு ஒவ்வோராண்டும் கேள்வி கேட்கிறது.

இரு நாள்காட்டி, ஒரு மழை

தெலுங்கர் திங்களைக் கொண்டு மாதம் கணிக்கின்றனர். தமிழர் கதிரவனைக் கொண்டு கணிக்கின்றனர். அவர்கட்கு உகாதி, நமக்குச் சித்திரை முதல் நாள். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் ஆகிய ஊர்களில் இரு புத்தாண்டும் ஒரே தெருவில் கொண்டாடப்படுகின்றன. திங்கள் ஆண்டு குறைந்து பின்தங்குவதைச் சரிசெய்ய, ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு மிகுதி மாதம் சேர்க்கப்படுகிறது. அவ்வாண்டில் திருமலையில் இரண்டு பிரம்மோற்சவங்கள் நிகழ்கின்றன. 2023இல் செப்டம்பரில் ஒன்றும் அக்டோபரில் நவராத்திரியில் ஒன்றுமாக நடைபெற்றதை அன்பர்கள் நினைவுகூரலாம். இரு கணக்குகளில் எது சரி என்று வழக்காடாமல் இரண்டுக்கும் விழா எடுத்த அறிவுடைமை நம் எல்லை நாட்டின் அறிவுடைமையாகும். ஏனெனில் இரு கணக்கினரும் எதிர்நோக்கியது ஒரே மழையை.

தீவுகளுக்குச் சென்ற திருநாள்கள்

நிலத்தை விட்டு விழா பெயர்ந்தால் என்னவாகும் என்பதை அறியக் கடல்சூழ் நாடுகள் இரண்டை நோக்குவோம். ஈழத்தில் இவ்விடர்ப்பாடு இல்லை. வடகிழக்கு மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல் தையை ஒட்டி அறுவடையாகிறது. பொங்கல் அங்கும் புத்தரிசிப் பொங்கலே. நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாள் நிகழ்வது ஆடி, ஆவணியின் வறண்ட காலத்தில். கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடந்து செல்வதும் வறண்ட காலத்தில். சித்திரைப் புத்தாண்டைத் தமிழரும் சிங்களவரும் ஒரே நாளில் கொண்டாடுகின்றனர். பருவம் ஒன்றாயிருப்பதால் விழாவின் பொருள் மாறவில்லை.

மொரீசியசுத் தீவின் நிலை வேறு. பிரெஞ்சு ஆட்சியிலேயே தமிழ்க் கைவினைஞர் அங்குச் சென்றனர். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் கப்பலிறங்கிய போர்ட் லூயிசுத் துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அத்தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது, பருவங்கள் தலைகீழ். தைப்பூசக் காவடி அங்குப் பொது விடுமுறை நாள். ஆனால் தை அங்கே பனிக்காலம் அன்று, புயல்கள் வரும் மழைக்காலம். கரும்பு வெட்டு முடிந்து திங்கள் சில ஆகியிருக்கும். புரட்டாசியில் விரதமிருந்து கோவிந்தன் வழிபாடு நடத்துகின்றனர். நமக்குச் சுனை சுரக்கும் அக்காலம் அவர்கட்கு ஆண்டின் வறண்ட காலம். வேங்கடத்து மழையைக் கண்ணாற் காணாத தலைமுறைகள், வேங்கடத்து மழை வகுத்த மாதத்தை இன்றும் காத்து வருகின்றன. இது வியத்தற்குரியது. ஆயினும் அங்கு மாதம் இருக்கிறது. மாதத்தின் காரணம் கடலுக்கு இப்பால் இருக்கிறது. நகரங்களில் குழாய் நீரைக் குடித்து வாழும் நம் நிலையும் இதுவே.

நினைவு வற்றினால்

விழாவின் காரணத்தை மறப்பதால் வரும் இழப்பு வெறும் அறிவிழப்பு என்று கருதற்க. 2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கார்த்திகை முழுநிலவுக்கு முன்னாள், வடகிழக்குப் பருவமழை திருமலையிலும் திருப்பதியிலும் கொட்டித் தீர்த்தது. அலிபிரிப் படிக்கட்டுகளில் அருவியென வெள்ளம் பாய்ந்தது. மலைப்பாதைகள் மூடப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்து, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நகரின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சில நாளில், கிருட்டிணதேவராயர் காலத்தது என்று கூறப்பெறும் ராயலசெருவு என்னும் பேரேரியின் கரையில் கசிவு தோன்றவே, கீழுள்ள சிற்றூர்களின் மக்கள் மேட்டுநிலங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர்.

மழை மிகுந்தது உண்மை. ஆனால் நீர் தேங்கவேண்டிய இடங்களில் தெருக்கள் எழுந்திருந்ததும், நீர் செல்லவேண்டிய கால்வாய்கள் சுருங்கியிருந்ததும் உண்மையே. ஏரி வெட்டுதலைத் திருவிழாக் கொடையாகக் கருதிய ஊரில் ஏரியை மனையாகக் கருதும் காலம் வந்தது. வீட்டுமனை வாங்கியோருள் வெளியூரில் பொருளீட்டும் நம்மவரும் உண்டு. ஊரை விட்டு வந்தோம் என்பதால் அப்பொறுப்பிலிருந்து விடுபட்டோம் என்று சொல்ல இயலாது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, விழாநாளில் பிள்ளைகளுக்கு அதன் நீர்நிலையையும் சேர்த்துச் சொல்லுதல். காணிப்பாக்கத்துக்குக் கிணறும், திருமலைக்குச் சுனையும், கங்கம்மாவுக்குக் குட்டையும் உண்டு என்று அறியும் குழந்தைக்கு விழா வெறும் விடுமுறை நாளாகத் தோன்றாது. மற்றொன்று, ஊர்த் திருவிழாவுக்கு நாம் ஆண்டுதோறும் அனுப்பும் பொருளில் ஒரு பங்கை, ஊர் ஏரியின் தூர் வாரவும் கரை கட்டவும் என்று குறித்து அனுப்புதல். இது புதிய வழக்கமன்று. நம் முன்னோர் கல்லில் வெட்டிவைத்த பழைய வழக்கமே.

அந்நாளில் பொருள் விட்டவனுக்கு நாலில் ஒரு பங்கு திருவமுது கிடைத்தது. இந்நாளில் நமக்குக் கிடைக்கும் விழுக்காடு, அடுத்த புரட்டாசியில் ஊருக்குச் செல்லும்போது ஏரி நிறைந்திருக்கக் காணும் காட்சியே. அதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?